கூடையின் மேல் வைத்த கல்

அக்கா,

இன்று காலை உதியன்குளங்கரை ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, மருந்துக்கடை ஓரமாக ஒரு பெண் சாக்கை விரித்து மூட்டிப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பழங்கள் குலை குலையாக, நனைந்து, ரத்தச் சிவப்பில் கிடந்தன. யாரும் வாங்கவில்லை. ஒருவர் மட்டும் நின்று, இது என்ன, தின்னலாமா என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுப் போனார். நான் ஒரு குலை வாங்கினேன். என் கடைக்கு வந்து ஒரு பழத்தின் தோலை நகத்தால் கீறினேன். அந்தப் புளிப்பு மணம் எழுந்ததும் நீங்களே கடைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. உங்களை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு வந்திருக்கும் முதல் மழைக்காலம் இது.

நீங்கள் முதன்முதலில் என் கடைக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பழத்தைத்தான். படமாக.

பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் அப்பா விட்டுப்போன ஃபிரேம் கடையை நான் நடத்தத் தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. இங்கே சட்டம் போட வருகிறவை இயேசு, முருகன், கல்யாணப் படம், இறந்தவர்களின் படம். நீங்கள் பழைய லுங்கித் துணியில் சுற்றி ஒரு ஹார்ட்போர்டு பலகையைக் கொண்டுவந்தீர்கள். யாரோ காலமாகியிருக்கிறார்கள் என்று நினைத்து முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன். துணியைப் பிரித்தால் ஒரு மரத்தின் அடிப்பாகம். வேரிலிருந்து ஆள் உயரம்வரை தண்டிலேயே சிவப்புச் சிவப்பாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. மரத்துக்கு நோயா என்று கேட்டேன்.

“நோயில்ல மக்கா, தின்னுற சாதனமாக்கும்” என்றீர்கள்.

தண்டில் காய்க்கும் பழம், கொம்பில் இலை மட்டும்தான் இருக்கும் என்று விளக்கினீர்கள். எனக்குப் பலாமரம் நினைவுக்கு வந்து, சரி என்றேன். கண்ணாடி போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றீர்கள். கண்ணாடி போட்டால் டியூப்லைட்தான் தெரியும், பழம் தெரியாது. மெல்லிய தேக்குச் சட்டம் போட்டேன். சட்டம் காயும்வரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருந்தன. அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்த கைகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் சித்தியின் கையும் அப்படித்தான் இருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் போகவில்லை. இங்கேயே இருக்கட்டும், பிறகு வந்து எடுக்கிறேன் என்றீர்கள். அப்படி என் கடையின் பின்னறையில் சேர்ந்த முதல் படம் அது. வீட்டில் வைக்க முடியாது என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது பெயின்ட் டப்பாக்களையும் அங்கேயே வைத்தீர்கள். அதற்கடுத்த முறை, சட்டத்துக்கு வெட்டும் பீடிங் கம்புகளை ஒருபக்கம் ஒதுக்கி உங்களுக்கு ஒரு மேசை போட்டேன்.

உங்கள் கதையை ஒரே மூச்சில் நீங்கள் சொன்னதில்லை. படம் வரைந்துகொண்டே, பாதி பாதியாக, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னவற்றைச் சேர்த்துத்தான் எனக்குத் தெரியும். மலையில் மூட்டிப்பாறை என்ற, காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்பில் பிறந்தவர் நீங்கள். ஸ்டீபன் அண்ணன் அப்போது டெம்போ ஓட்டினார். பாக்கும் குருமிளகும் ஏற்ற மலைக்கு வருவார். அப்படிப் பழகி, அவரோடு அவர் ஊரான காரோட்டுக்கு வந்துவிட்டீர்கள். வேதக்கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. மாமியார் உங்களைக் குறையொன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் கேட்டபோது மட்டும், பெண் குலசேகரம் பக்கம், தாய் தகப்பன் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது கெடுதல் நினைத்து இல்லை என்று நீங்கள் எப்போதும் சேர்த்தே சொல்வீர்கள். கேட்கிறவர்களுக்கு அதற்கு மேல் வேண்டாம் என்று நினைத்தாராம். முதலில் அவர் சொல்லைக் காப்பாற்ற வாயடைத்திருந்தீர்கள். பிறகு அதுவே பழகிவிட்டது. பிரின்சி பிறந்து, பள்ளிக்கூடம் போய், அம்மை வீடு எங்கே என்று கூட்டுக்காரிகள் கேட்டபோது அவளும் குலசேகரம் என்றாள்.

மாமியார் போன பிறகும் அது மாறவில்லை. மலையிலிருந்து உங்கள் தம்பி வந்தால் வீட்டுக்கு வருவதில்லை. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் நிற்பார். நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்து, வீட்டு விஷயம் பேசி, அவர் கொண்டுவந்த சிறுதேன் குப்பியை வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள். அவர் அடுத்த பஸ்ஸில் மலைக்குப் போவார். தேன் எங்கிருந்து என்று கேட்டால் கடையில் வாங்கியதென்று சொல்ல வேண்டியிருந்தது. இதைச் சொன்ன அன்று நீங்கள் தேன்கூட்டுக்குக் கறுப்பும் தவிட்டு நிறமும் கலந்துகொண்டிருந்தீர்கள். நிறம் சரியாக வரவில்லை என்பதில்தான் உங்கள் கவனம் முழுதும் இருந்தது.

வரையத் தொடங்கியது எப்படி என்று ஒருநாள் கேட்டேன். சர்க்கரை கூடி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்றீர்கள். இதைத் தின்னக்கூடாது, அதைத் தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். கட்டிலில் படுத்து, பிறந்தது முதல் தின்ற ஒவ்வொன்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தீர்களாம். மூட்டிப்பழம், நூறன் கிழங்கு, மூங்கில் குருத்து, ஈந்தங்காய் மாவு, ஆற்று நண்டு. வீட்டுக்கு வந்ததும் பிரின்சி பள்ளியில் மிச்சம் வைத்த பெயின்டை எடுத்து, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நூறன் கிழங்கை வரைந்தீர்கள். “வாயில வைக்கப்பிடாதுன்னுதானே சொன்னாவ” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

நான் உங்களுக்குச் சில யோசனைகள் சொன்னதுண்டு. கடைக்கு வருகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஈந்தங்காய்ப் படம் வரைந்தபோது, ஆற்றங்கரையில் ஒரு பெண்ணையும் சேர்க்கலாமே, படம் நிறைந்துவிடும் என்றேன். ஈந்தங்காயை அப்படியே தின்றால் விஷம். பிளந்து, காயவைத்து, கூடையில் போட்டு ஓடும் தண்ணீரில் நாட்கணக்கில் கிடக்கவிட்டு, விஷம் ஒழுகிப்போன பிறகு இடித்து மாவாக்கி அடை சுடுவார்கள். அந்தப் படத்தில் காயும் கூடையும் ஆறும் அடையும் இருந்தன. ஆள் யாரும் இல்லை.

“ஆளை வரைச்சா எல்லாரும் ஆளைத்தான் பாப்பாவ. அவளுக்க மூக்கு எப்படி, துணி எப்படின்னு பாப்பாவ. சாதனத்த பாக்க மாட்டாவ.”

அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

படங்கள் பின்னறையில் சேர்ந்துகொண்டே போயின. அப்போதுதான் டிராயிங் சார் வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், தன் படங்களுக்குச் சட்டம் போட என்னிடம் வருகிறவர். பீடிங் தேர்ந்தெடுக்கப் பின்னறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, சுவரில் சாய்த்திருந்த படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு வாசகசாலையின் மாடி ஹாலில் அவரும் நண்பர்களும் சேர்ந்து கண்காட்சி வைக்கப்போவதாகவும், ஒரு சுவர் முழுக்க உங்கள் படங்களை மாட்டலாம் என்றும் மலையாளத்தில் சொன்னார். நீங்கள் வந்ததும் அவரே உங்களிடமும் கேட்டார். நீங்கள் சரி என்றீர்கள். அவ்வளவு சீக்கிரம் சரி என்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிறிய அட்டை வைக்க வேண்டும். உணவின் பெயர், வரைந்தவர் பெயர், ஊர். பெயரைச் சொன்னீர்கள். ஊர் என்று அவர் கேட்டபோது, நாளை சொல்கிறேன் என்றீர்கள்.

இதே வாரங்களில்தான் பிரின்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் அனில். வளைகுடாவில் ஏசி மெக்கானிக். வீடு பாறசாலையில். தகப்பன் இல்லை. பெண் பார்த்துப் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிப்பது மட்டும்தான் பாக்கி. அவர்களுக்கும் அம்மை வீடு குலசேகரம் என்றுதான் சொல்லியிருந்தது.

பிரின்சி என் கடைக்கு வந்தாள். அதுவரை அவளை நான் இரண்டொரு தடவைதான் பார்த்திருந்தேன். லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து நேராக வந்திருந்தாள். பின்னறையைக் காட்டச் சொன்னாள். படங்களைப் பார்த்தாள். இவ்வளவு இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அட்டையில் பெயர் மட்டும் போதும், ஊர் வேண்டாம் என்று நான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றாள். நீங்கள் நான் சொன்னால் கேட்பீர்களாம்.

“குலசேகரம்னு நானா சொன்னேன் அக்கா? எனக்கு விவரம் தெரியுமுன்னே சொல்லி வச்சது. நான் அத சொல்லி சொல்லி வளந்தேன். இப்ப எனக்க கல்யாணம் வரச்சில மாத்துனா எப்படி?”

அவள் சொன்னதில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்ததும் அவள் வந்ததையும் சொன்னதையும் அப்படியே சொன்னேன். என் பக்கத்திலிருந்து ஒன்றும் சேர்க்கவில்லை. நீங்கள் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டீர்கள். அவள் சொல்வது சரிதான் என்றீர்கள். பிறகு, ஆனால் அட்டையில் ஊர் இருக்கும் என்றீர்கள்.

அன்று மாலை வீட்டில் ஸ்டீபன் அண்ணனையும் பிரின்சியையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறீர்கள். கண்காட்சிக்கு முன்பே பையன் வீட்டில் நாமே போய்ச் சொல்லிவிடுவோம், பிடித்தால் நடக்கட்டும் என்று சொன்னீர்களாம். பிரின்சி அழுதாள். அண்ணன் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, நான் கூட வரவா என்று கேட்டார். வேண்டாம், நீங்கள் வந்தால் உங்கள் அம்மை சொன்னதைத் தப்பென்று சொல்ல வேண்டிவரும் என்று சொல்லிவிட்டீர்கள். இதையெல்லாம் அண்ணன்தான் பிறகு என்னிடம் சொன்னார்.

அனிலின் அம்மாவை எனக்குத் தெரியும். அவர் கணவரின் படத்துக்கு நான்தான் சட்டம் போட்டேன். அதனால் என்னைத் துணைக்கு அழைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து போனோம். நீங்கள் இளநீல வாயில் சேலை கட்டியிருந்தீர்கள். வழியில் நீங்கள் பேசியது மழைக்காலத்தில் ஹார்ட்போர்டு வளைவதைப் பற்றி மட்டும்தான்.

அந்த அம்மா எங்களை நன்றாகவே வரவேற்றார். நிச்சயத்துக்கு நாள் பேச வந்திருக்கிறோம் என்று நினைத்தார். சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் வைத்தார். சுவரில் நான் சட்டம் போட்ட படம் மாலையோடு தொங்கியது. நீங்கள் சாயாக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, பால் வாங்கக் கடைக்கு வந்தவர் பேசுவதுபோல் சொன்னீர்கள்:

“எனக்க வீடு குலசேகரத்துல இல்ல, கேட்டியளா. மேல மலையிலயாக்கும். நாங்க காணிக்காரங்க. அம்மையும் அப்பனும் போயாச்சு. தம்பி இப்பவும் அங்க உண்டு.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“இத இப்ப சொல்லேண்டிய காரியம் என்ன?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

“நாளைக்கு வேற ஆளு சொல்லி நீங்க அறியண்டாம். எனக்க பிள்ளையும் இனி கள்ளம் சொல்லண்டாம்.”

 அடுத்த வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. தனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்றும், பையனின் பெரியப்பாவிடம் கேட்க வேண்டும் என்றும் அந்த அம்மா சொன்னார். நீங்கள் சாயாவை முழுதும் குடித்து முடித்தீர்கள். நான் முடிக்கவில்லை. புறப்படும்போது அவர் மிச்ச சிப்ஸைக் காகிதத்தில் பொதிந்து பிரின்சிக்கென்று கொடுத்தார். அதை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

சில நாளில் போன் வந்தது. பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷம் நடக்காதுபோல் இருக்கிறது என்றார்கள். காரணம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

பிரின்சி உங்களோடு பேசுவதை நிறுத்தினாள். சமைத்து வைப்பாள், வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், ரத்தம் எடுத்துப்போய்ச் சர்க்கரை பார்த்துக் காகிதத்தை மேசையில் வைப்பாள். ஒரு வார்த்தை மட்டும் இல்லை. நீங்கள் என் பின்னறைக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் வரையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். ஒருநாள், போகாமல் இருந்திருக்கலாமோ என்று என்னிடம் கேட்டீர்கள். நீங்கள் என்னிடம் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தெரியவில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, மூங்கில் குருத்துக்கு மஞ்சள் எடுத்தீர்கள்.

அட்டைகள் அச்சாகி வந்தன. எல்லாவற்றிலும் மூட்டிப்பாறை என்று இருந்தது.

கண்காட்சி தொடங்கிய அன்று உங்கள் தம்பி மனைவியோடு வந்தார். பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் நேராக ஹாலுக்கே வரச் சொல்லியிருந்தீர்கள். வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வேண்டாம், போட்டுக்கொள்ளலாம் என்று டிராயிங் சார் சொன்னதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, அது என்னவென்று மனைவியிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவளுக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. அவளும் ஆமாம் ஆமாம் என்றாள். ஈந்தங்காய்ப் படத்தின் முன் வந்ததும் நின்றுவிட்டார்.

“அக்கா, கல்லு எங்க?”

உங்களுக்குப் புரியவில்லை.

“கூடைக்க மேல கல்லு வைக்கல்லியே. தண்ணி இழுத்துட்டுப் போவும்.”

நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அத்தனை வாரம் வரைந்தும், நான் அத்தனை தடவை பார்த்தும், ஆற்று நடுவே அந்தக் கூடை பிடிமானம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. சிறுவயதில் கல் தூக்கி வைப்பது தன் வேலை என்று தம்பி சொன்னார். அதனால்தான் உங்களுக்கு ஞாபகம் இல்லையாம். டிராயிங் சாரிடம் பெயின்ட் இருந்தது. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஒரு நாற்காலியில் சாய்த்துவைத்து, வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, நீங்கள் சாம்பல் நிறத்தில் ஒரு கல்லை வரைந்தீர்கள். போதாது, இன்னும் பெரிய கல் என்றார் தம்பி. பெரிதாக்கினீர்கள். அண்ணன் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்குச் சாயா வாங்கிக் கொடுக்க அவரே வெளியே போனார். இருவரும் அருகருகே நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஈரம் காயாமலே படத்தைத் திரும்ப மாட்டினோம். சட்டத்தின் ஓரத்தில் என் கைபட்டு ஒரு சாம்பல் கோடு விழுந்தது. இப்போதும் அது இருக்கிறது.

பிரின்சி அன்று வரவில்லை. கடைசி நாள் மத்தியானம், நீங்களும் சாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், வந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சுவரோரமாக நடந்தாள். நான் என் இடத்திலேயே இருந்தேன். கண்காட்சி பார்க்க வந்திருந்த ஒரு டீச்சர், நூறன் கிழங்குப் படத்தின் முன் நின்று, இதன் மேலே இருப்பது முள்ளா வேரா என்று பொதுவாகக் கேட்டார். பிரின்சி பக்கத்தில் நின்றிருந்தாள். வேர் என்றாள். சுட்ட பிறகு தோலோடு சேர்த்து உரித்துவிடலாம் என்றாள். இதெல்லாம் அவளுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் என்றாவது கிழங்கு சுட்டிருப்பீர்கள். படம் வரைந்தவரைத் தெரியுமா என்று அந்த டீச்சர் கேட்டார்.

“எனக்க அம்மையாக்கும்” என்றாள்.

நீங்கள் திரும்பி வந்ததும் இதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் நம்பாததுபோல் என்னைப் பார்த்தீர்கள். அவள் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். பிறகு மாடியிலிருந்து இறங்கி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தீர்கள். பிரின்சி பஸ் ஏறிப் போயிருந்தாள்.

வீட்டில் பேச்சு உடனே திரும்பிவிடவில்லை. முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசினாள், பிறகு மீன் விலையைப் பற்றி. அப்படித்தான் சரியானது. அவளோடு லேபில் வேலை பார்த்த பிபின் கேட்டு அடுத்த கல்யாணப் பேச்சு வந்தபோது, அம்மை வீடு எங்கே என்பதை அவளே முதலில் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் என்ன சொன்னான் என்று நீங்கள் கேட்டீர்களாம். செரி என்று சொன்னான், வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றாளாம். அந்தச் ‘செரி’யை நீங்கள் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிக் காட்டினீர்கள், அதே குரலில்.

கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தாய்மாமன் நின்றார். மூட்டிப்பாறையிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். காரோட்டில் சிலர் பார்த்தார்கள், சிலர் பேசினார்கள், எல்லாரும் சாப்பிட்டார்கள். கைகழுவும் இடத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், இத்தனை வருஷம் இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டாள். மலையில் இருந்தார்கள் என்றேன்.

அதன் பிறகுதான் உங்கள் சிறுநீரகம் கெட்டது. வாரந்தோறும் டயாலிசிஸ். தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியிருந்தது. பலகையைத் தூக்க முடியாமல் ஆனபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவில் சிறிய துண்டுகளாக நான் வெட்டிக் கொடுத்தேன். நீங்கள் மூங்கில் குருத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தீர்கள். சரியாக வரவில்லை என்று சிலவற்றை என்னிடமே திருப்பித் தந்தீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. போன வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் பிரின்சி போன் செய்தாள். காரோட்டுக் கோயில் கல்லறையில் அடக்கம் நடந்தது. தம்பி குழிக்குள் முதல் பிடி மண் போட்டார்.

படங்களைப் பிரின்சி வைத்திருக்கிறாள். ஈந்தங்காய்ப் படத்தை மட்டும் அவளும் பிபினும் மலைக்குக் கொண்டுபோய் மாமாவின் வீட்டில் மாட்டினார்கள். நானும் போனேன். நல்ல ஆணியும் லெவல் பார்க்கும் குழலும் கொண்டுபோயிருந்தேன். மண்சுவரில் எதுவும் சரியாக நிற்கவில்லை. கடைசியில் கூரைக் கம்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். தம்பியின் மனைவி எங்களுக்குச் சோறும் மீனும் பரிமாறினாள். கிழங்கு இருக்கிறதா என்று பிரின்சி கேட்டாள். இப்போது அதற்கான காலம் இல்லை, மழை விட்டு இலை பழுத்த பிறகு வா என்றார்கள். போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் திருப்பித் தந்த மூங்கில் குருத்துகளில் ஒன்றுக்குச் சட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கண்ணாடி போடவில்லை. போன வாரம் மகள் கல்யாணப் படத்தைச் சட்டம் போட வந்த ஒரு பெண் அதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். மூங்கில் குருத்து, கறி வைக்கலாம் என்றேன். யார் வரைந்தது என்று கேட்டாள். எனக்க கூட்டுக்காரி, மலையிலுள்ள காணிக்காரப் பெண், போன வருஷம் இறந்துபோனாள் என்றேன். அவள் பாவம் என்றாள். பிறகு, பீடிங் பார்த்துக்கொண்டே, இங்கே எல்லாரும் கேட்பதுபோல், உங்கள் வீட்டுக்காரர் வளைகுடாவிலா என்று கேட்டாள்.

உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது யாரிடமோ சொன்னது அது. நான் இல்லை என்று சொன்னதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை. நீங்கள் ஒருநாளும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயாக் கோப்பையோடு நீங்கள் பேசிய குரல் மட்டும், உயராமல், தாழாமல், எனக்குள் அப்படியே இருக்கிறது.

“இல்ல. நாங்க பிரிஞ்சாச்சு. அவரு நாகர்கோவில்ல உண்டு, நான் இங்க உண்டு” என்றேன்.

அந்தப் பெண் ஓ என்றாள். பிறகு தங்கக் கரை போட்ட பீடிங்கைக் காட்டி, இது கல்யாணப் படத்துக்கு எடுப்பாக இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்று சொல்லி, கம்பை எடுத்து வெட்ட வைத்தேன்.